எம்டிஎம்2 பள்ளத்தில் நட்லின்: ஒரு டாக்கிங் செய்முறையின் பதிவு

எம்டிஎம்2 புரதத்தின் பள்ளத்தில் நட்லின்-3ஏ என்ற சிறு மூலக்கூறு படிகக் கட்டமைப்பில் எவ்வாறு அமர்ந்திருக்கிறதோ, அதே இடத்தில், அதே திசையில் கணினி வழியாக அதை அமர வைக்கும் (இதையே டாக்கிங் என்கிறோம்) செய்முறை ஒன்று இப்போது என் கையில் இருக்கிறது. அதைவிட முக்கியமாக, அதே மூலக்கூறின் ஆடிப்பிம்ப வடிவமான நட்லின்-3பி அங்கே சரியாகப் பொருந்தாது என்பதையும் அந்தச் செய்முறை இறுதியில் பிரித்துக் காட்டியது. இரண்டாவது முடிவு கிடைக்கும் வரை முதல் முடிவை நம்புவதற்குப் போதிய அடிப்படை இருக்கவில்லை. இதே பாதையில் இறங்கும் மாணவர்களுக்குப் பயன்படும் என்பதால், எந்த இடத்தில் வழி பிசகியது, எந்த அளவை மாற்றியபோது சரியானது என்பதை நடந்த வரிசையிலேயே எழுதி வைக்கிறேன்.

இந்த இலக்கைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம், இதற்கான விடை ஏற்கெனவே தெரியும் என்பதே. பி53 என்பது 393 அமினோ அமிலங்கள் கொண்ட, கட்டிகள் உருவாகாமல் தடுக்கும் புரதம். எம்டிஎம்2 அதன் முனைப்பகுதியைப் பற்றிக்கொண்டு, யுபிக்விட்டின் என்ற சிதைவுக் குறியைச் சேர்த்து, அதைச் சிதைவுக்கு அனுப்புகிறது. சில சார்கோமா புற்றுநோய்களில் பி53 பழுதில்லாமல் இருந்தும், எம்டிஎம்2 மிகுதியாக உற்பத்தியாவதால் பி53 செயல்பட முடியாமல் போகிறது. இந்த இரண்டு புரதங்களும் தொட்டுக்கொள்ளும் இடத்தின் படிகக் கட்டமைப்பு 1996இல் வெளியானது. புரதத் தரவு வங்கியில் அதன் எண் 1ஒய்சிஆர். பி53இன் ஒரு சிறு சுருள், எம்டிஎம்2இன் பள்ளத்தில் மூன்று பக்கச்சங்கிலிகளைச் செருகி நிற்பதை அதில் தெளிவாகக் காணலாம்: ஃபீனைல்அலனின் 19, டிரிப்டோஃபான் 23, லூசின் 26 (எண்கள் புரதச் சங்கிலியில் அந்த அமினோ அமிலங்களின் இடத்தைக் குறிக்கின்றன). புரதங்கள் ஒன்றையொன்று தொடும் பரப்புகள் பெரும்பாலும் அகலமாகவும் தட்டையாகவும் இருப்பதால் சிறு மூலக்கூறுக்குப் பிடிமானம் கிடைப்பது அரிது. மூன்று ஆழமான குழிகள் அடுத்தடுத்து அமைந்த இந்த இடம் அதற்கு நல்ல விதிவிலக்கு. 2004இல் நியூ ஜெர்சி மாநிலத்தின் நட்லியில் இருந்த ரோஷ் ஆய்வகம் வெளியிட்ட நட்லின் மூலக்கூறுகள் அந்த மூன்று குழிகளையும் நிரப்பி, பி53 உள்ளே வர இடமில்லாமல் செய்கின்றன. ஒரு குளோரோஃபீனைல் வளையம் டிரிப்டோஃபான் குழியிலும், மற்றொன்று லூசின் குழியிலும், ஐசோபுரோபாக்ஸி தொகுதி ஃபீனைல்அலனின் குழியிலும் செல்கின்றன; பைப்பரசினோன் வளையம் வெளியே நீரை நோக்கி நிற்கிறது.

கருவிகளைப் பொறுத்தவரை, பழைய மேசைக்கணினியில் 16 ஜிபி நினைவகமும் உபுண்டுவும் ஏற்கெனவே இருந்தன. டாக்கிங்கிற்கு அது போதும். அணுக்கள் நேரத்தோடு எவ்வாறு அசைகின்றன என்று கணக்கிடும் மூலக்கூறு இயக்கப் பாவனைக்குத்தான் கிராபிக்ஸ் அட்டை வேண்டும். ஒருவர் பயன்படுத்திய, 12 ஜிபி நினைவகம் கொண்ட ஆர்டிஎக்ஸ் 3060 அட்டையை ஏறத்தாழ 18,000 ரூபாய்க்கு வாங்கினேன். பழைய மின்வழங்கி அதைத் தாங்காது என்பதால் 650 வாட் மின்வழங்கிக்கு மேலும் 4,500 ரூபாய் ஆனது. செருகு மின்மானியை இடையில் வைத்து அளந்தபோது, முழு வேலையில் கணினி 240 முதல் 260 வாட் வரை இழுத்தது. இடைவிடாமல் ஓடினால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 6 யூனிட். மென்பொருள்களுக்குச் செலவே இல்லை. டாக்கிங்கிற்கான ஆட்டோடாக் வினா, இயக்கப் பாவனைக்கான க்ரோமாக்ஸ், அதற்கு உள்ளீடு தயாரிக்கும் ஆம்பர்டூல்ஸ், ஏசிபைப், மூலக்கூறு கோப்புகளை மாற்றும் ஓப்பன் பேபல், கட்டமைப்பைக் கண்ணால் காட்டும் பைமாலின் திறமூலப் பதிப்பு ஆகிய அனைத்தும் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. மருந்து ஆய்வின் இந்தத் தொடக்கப் படியை ஒரு சிறிய கல்லூரியின் ஆய்வகமோ, தனி மனிதரோ தம் மேசையிலேயே செய்து பார்க்க முடியும் என்பது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி தரும் செய்தி.

முதல் கட்டம் கட்டமைப்பைத் தயார் செய்வது. நட்லின்-3ஏ இணைந்த நிலையில் உள்ள 4எச்ஜி7 என்ற கட்டமைப்பை எடுத்துக்கொண்டேன். அதன் துல்லியம் 1.6 ஆங்ஸ்ட்ராம் (ஓர் ஆங்ஸ்ட்ராம் 0.1 நானோமீட்டர்; எண் குறையக் குறையத் துல்லியம் கூடும்). 1ஒய்சிஆர் 2.6 ஆங்ஸ்ட்ராம் என்பதால் பக்கச்சங்கிலிகளின் நிலையை நம்புவதற்கு முன்னது மேலானது. ஆனால் 4எச்ஜி7இல் படிகம் எளிதாக உருவாவதற்காக மேற்பரப்பில் இரண்டு எச்சங்களை (புரதச் சங்கிலியின் அமினோ அமில அலகுகளை) அலனினாக மாற்றியிருக்கிறார்கள். கோப்பின் தலைப்பகுதியைப் படிக்காமல் நேராக வேலையில் இறங்குபவர்களுக்கு இது கண்ணில் படாது. பைமாலின் மாற்றியமைக்கும் வசதியைக் கொண்டு இயல்பான எச்சங்களைத் திரும்ப வைத்தேன். பிறகு நீர் மூலக்கூறுகளை அகற்றி, ஹைட்ரஜன்களைச் சேர்த்தேன். ஹிஸ்டிடின் எச்சங்களில் ஹைட்ரஜன் எந்த நைட்ரஜனில் இருக்கிறது என்பதை மென்பொருளின் முடிவுக்கு விட்டுவிடாமல் கண்ணால் பார்த்துத் தீர்மானிப்பது அவசியம். ஏனெனில் ஹிஸ்டிடின் 96, லூசின் குழியின் விளிம்பில் நின்று, நட்லினின் குளோரோஃபீனைல் வளையத்தோடு முகத்துக்கு முகம் அமைகிறது. அங்கே ஓர் அணு தவறான இடத்தில் இருந்தால், பின்னால் வரும் எல்லா எண்களும் சாய்ந்துவிடும்.

இரண்டாம் கட்டத்தில்தான் முதல் பிசகு நேர்ந்தது. லிகண்டின் (பிணையும் சிறு மூலக்கூறின்) வடிவத்தைப் படிகக் கோப்பிலிருந்து எடுக்காமல், வேறொரு பட்டியலில் கிடைத்த, மூலக்கூறை ஒரே வரி எழுத்துகளாகக் குறிக்கும் ஸ்மைல்ஸ் வரியிலிருந்து ஓப்பன் பேபல் வழியாக முப்பரிமாண வடிவமாக மாற்றினேன். படிக வடிவத்தையே உள்ளீடாகக் கொடுத்தால் மென்பொருளுக்கு விடையைப் பாதி சொல்லிக் கொடுத்ததாக ஆகிவிடும் என்பதால், புதிதாகக் கட்டுவது கொள்கையளவில் சரியான வழிதான். ஆனால் அந்த ஸ்மைல்ஸ் வரியில் நட்லினின் நடுவிலுள்ள இமிடசோலின் வளையத்தில், ஆடிப்பிம்ப வடிவத்தைத் தீர்மானிக்கும் இரண்டு கைரல் கார்பன்களுக்குரிய குறிகள் இல்லை. குறி இல்லாத இடத்தில் ஓப்பன் பேபல் தானாக ஏதோ ஒன்றைத் தேர்ந்துகொள்ளும். எச்சரிக்கை எதுவும் வராது. எனக்குக் கிடைத்தது நட்லின்-3ஏ அல்ல, அதன் ஆடிப்பிம்பம். இது அப்போது தெரியவில்லை.

மூன்றாம் கட்டம் வினா மென்பொருளை ஓட்டுவது. படிக லிகண்டின் மையத்தையே தேடல் பெட்டியின் மையமாக வைத்து, ஒவ்வொரு பக்கமும் 24 ஆங்ஸ்ட்ராம் கொடுத்தேன். தேடலின் தீவிரத்தை இயல்பான 8இலிருந்து 32ஆக உயர்த்தினேன். நட்லினில் சுழலும் பிணைப்புகள் பல இருப்பதால் 8இல் ஒவ்வொரு முறையும் வேறு வேறு நிலைகள் முதலிடத்துக்கு வந்தன, 32இல் அது அடங்கியது. நேரச் செலவு சில நிமிடங்கள் மட்டுமே. முதல் இடம் பெற்ற நிலைக்கு −8.5 கிலோகலோரியை ஒட்டிய மதிப்பெண் கிடைத்தது (எதிர்மறையில் பெரிதாக இருந்தால் பிணைப்பு வலுவானது என்று பொருள்). பார்க்க நல்ல எண்தான். இந்த இடத்தில் நின்று, பைமாலில் ஓர் அழகான படம் எடுத்து, ஆய்வுக் கட்டுரையாக அனுப்பிவிட முடியும். மூலிகைச் சேர்மங்களை ஏதேனும் ஓர் இலக்கில் அமர்த்தி, மதிப்பெண்ணை அட்டவணையிட்டு, மருந்தாக வாய்ப்புள்ளது என்று முடிக்கும் கட்டுரைகள் எத்தனையோ இவ்வாறுதான் எழுதப்படுகின்றன என்பதை வருத்தத்தோடு குறிப்பிட வேண்டியிருக்கிறது.

மறு டாக்கிங்கின், அதாவது படிகத்தில் ஏற்கெனவே இருந்த மூலக்கூறையே மீண்டும் அமர வைப்பதன் சரிபார்ப்பு என்பது, கிடைத்த நிலையும் படிக நிலையும் சராசரியாக எவ்வளவு விலகியிருக்கின்றன என்று அளப்பது. 2 ஆங்ஸ்ட்ராமுக்குள் இருந்தால் ஏற்கலாம் என்பது இத்துறையின் வழக்கம். எனக்கு வந்ததோ 5ஐத் தாண்டியது. மேலே வைத்துப் பார்த்தபோது, இரண்டு குளோரோஃபீனைல் வளையங்களும் சரியாகவே டிரிப்டோஃபான் குழியிலும் லூசின் குழியிலும் இருந்தன, ஆனால் இடம் மாறி இருந்தன. மூலக்கூறு முழுவதும் திரும்பி, பைப்பரசினோன் தவறான பக்கம் நீட்டிக்கொண்டிருந்தது. தேடலின் தீவிரத்தை 64 ஆக்கியும், பெட்டியைச் சுருக்கியும் மாற்றமில்லை. இதற்குத் தேடல் காரணமாக இருக்க முடியாது என்ற எண்ணம் அப்போதுதான் வந்தது. லிகண்டைப் படிக வடிவத்தோடு தனியாக எடுத்து, கைரல் கார்பன்களை ஒவ்வொன்றாக ஒப்பிட்டேன். படிகத்தில் 4எஸ், 5ஆர் (எண் கார்பனின் இடம்; எஸ், ஆர் அதன் எதிரெதிர் அமைப்புகள்). என் கோப்பில் 4ஆர், 5எஸ்.

சரியான வடிவத்தைக் கட்டி மீண்டும் ஓட்டியதும் நிலை சரியானது. ஆனாலும் விலகல் 2.3 என்று காட்டியது. கண்ணுக்கு இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்க, எண் மட்டும் ஒத்துவரவில்லை. ஃபீனைல் வளையம் 180 பாகை திரும்பினால் வேதியியல்படி அதே நிலைதான். ஆனால் அணுக்களைப் பெயரால் ஒப்பிடும் கருவி அதை விலகலாகக் கணக்கிடுகிறது. சமச்சீரைக் கணக்கில் கொள்ளும் கருவி ஒன்று ஓப்பன் பேபலோடு சேர்ந்தே வருகிறது. அதில் அளந்தபோது 1.2 ஆங்ஸ்ட்ராம் வந்தது. ஐசோபுரோபாக்ஸி தொகுதியும் பைப்பரசினோனும்தான் அந்த மீதி விலகலுக்குக் காரணம். இரண்டும் ஓரளவு நீரில் அசையும் பகுதிகள் என்பதால் அதைப் பொருட்படுத்தவில்லை. ஒரு குறிப்பு: வினா பிணைப்புகளைச் சுழற்றுமே தவிர வளையங்களின் மடிப்பை மாற்றாது. எனவே பைப்பரசினோன் எந்த மடிப்பில் உள்ளே போகிறதோ அதே மடிப்பில்தான் வெளியே வரும். வளையம் பள்ளத்துக்குள் அமரும் வேறு மூலக்கூறுகளுக்கு, பல மடிப்புகளைத் தனித்தனிக் கோப்புகளாகத் தயாரித்து ஓட்டுவது கட்டாயம்.

இப்போது இரண்டு மதிப்பெண்களையும் அருகருகே வைத்துப் பார்த்தேன். நட்லின்-3ஏக்கும் 3பிக்கும் இடையிலான வேறுபாடு 0.3 கிலோகலோரிக்கும் குறைவு. ஆய்வகத்தில் அளந்த உண்மை வேறு: 3ஏ 90 நானோமோலாரிலேயே பி53இன் பிணைப்பைப் பாதியாகக் குறைக்கிறது, 3பிக்கு 13.6 மைக்ரோமோலார் தேவைப்படுகிறது. அது 150 மடங்கு வேறுபாடு. ஆற்றலாக மாற்றினால் ஏறத்தாழ 3 கிலோகலோரி. வினாவை உருவாக்கியவர்கள் 2010ஆம் ஆண்டுக் கட்டுரையில் தங்கள் மதிப்பெண்ணின் திட்டப் பிழை 2.85 கிலோகலோரி என்று நேர்மையாகவே எழுதியிருக்கிறார்கள். அந்தப் பிழையின் அளவும் நான் காண விரும்பிய வேறுபாட்டின் அளவும் ஒன்றே. ஆகவே மதிப்பெண் இவ்விரண்டையும் பிரிக்கவில்லை என்பதில் வியப்பில்லை. பிரிக்கும் என்று எதிர்பார்த்ததுதான் சரியில்லை. மூலக்கூறு இடமிருந்து வலமாகப் புரண்டிருந்தும் மதிப்பெண் எந்த அறிகுறியும் தரவில்லை; நிலையைப் படிகத்தோடு ஒப்பிட்டதுதான் காட்டிக் கொடுத்தது. படிகக் கட்டமைப்பே இல்லாத புதிய சேர்மமாக இருந்திருந்தால் அந்த ஒப்பீட்டுக்கே வழி இருந்திருக்காது.

இதன் பிறகு செய்ததுதான் மாற்று டாக்கிங். அதே நட்லின்-3ஏ, ஆனால் புரதம் 4எச்ஜி7 அல்ல, பி53 பெப்டைடை (முன்பு சொன்ன சிறு சுருளை) நீக்கிய 1ஒய்சிஆர். உண்மையான ஆய்வில் நம்மிடம் இருக்கப்போவது இத்தகைய கட்டமைப்புத்தான்: இரண்டு புரதங்கள் இணைந்த நிலை தெரியும், மருந்து இணைந்த நிலை தெரியாது. முடிவு தெளிவாகவே மோசமானது. டிரிப்டோஃபான் குழியில் குளோரோஃபீனைல் வளையம் ஒவ்வொரு முறையும் சரியாக அமர்ந்தது. லூசின் குழியில் மற்ற வளையம் பாதி வெளியே நின்றது. அந்தக் குழியின் சுவராக இருக்கும் ஹிஸ்டிடின் 96, டைரோசின் 100 ஆகியவற்றின் பக்கச்சங்கிலிகள் பெப்டைடு இருக்கும்போது ஓரிடத்திலும் சிறு மூலக்கூறு இருக்கும்போது வேறோரிடத்திலும் நிற்பதே காரணம். அந்த இரண்டையும் லூசின் 54ஐயும் வளைந்து கொடுக்கும் எச்சங்களாக வினாவில் அறிவித்தபோது நிலை மேம்பட்டது, ஆனால் தேடல் நேரம் பல மடங்கானது. தவறான நிலைகளும் கூடவே நல்ல மதிப்பெண் பெறத் தொடங்கின. இதைவிடப் பயன்பட்டது வேறொரு வழி. பெப்டைடு இல்லாத எம்டிஎம்2ஐ இயக்கப் பாவனையில் ஓடவிட்டு, பள்ளத்தின் வடிவத்தை வைத்துச் சட்டகங்களை (பாவனையில் இடையிடையே பதிவாகும் அணு நிலைகளை) தொகுத்து, அவற்றில் ஐந்து வடிவங்களைத் தேர்ந்து ஒவ்வொன்றிலும் டாக்கிங் செய்தேன். அவற்றுள் இரண்டில் படிகத்தை ஒட்டிய நிலை முதலிடத்தில் வந்தது. எந்த இரண்டு என்பதை விடை தெரிந்ததால்தான் சொல்ல முடிகிறது என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும்.

பொய்ச் சேர்மங்களைக் கலந்து சோதிப்பது அடுத்தது. எம்டிஎம்2இல் பிணைவதாக அளந்து உறுதி செய்யப்பட்ட மூலக்கூறுகளைக் கெம்பிள் தரவுத்தளத்திலிருந்து எடுத்து, அவற்றோடு பிணையாது என்று கருதத்தக்க சேர்மங்களைப் பெரும் எண்ணிக்கையில் சேர்த்து, மதிப்பெண் வரிசையில் உண்மையானவை மேலே வருகின்றனவா என்று பார்க்க வேண்டும். முதலில் பொதுவான ஒரு சேர்மத் தொகுப்பிலிருந்து பொய்ச் சேர்மங்களைத் தற்செயலாக எடுத்தபோது, உண்மையானவை எந்த அளவு மேலே வருகின்றன என்று காட்டும் வளைவின் கீழ்ப்பரப்பு 0.9ஐ ஒட்டி வந்தது (1 என்றால் முழுச் சரி). மிக நல்ல முடிவாகத் தோன்றியது. ஆனால் எம்டிஎம்2இன் மருந்து மூலக்கூறுகள் மூன்று குழிகளை நிரப்ப வேண்டியிருப்பதால் அளவில் பெரியவை. நட்லின்-3ஏயின் மூலக்கூறு எடை 581.5. பொதுத் தொகுப்பில் இருந்தவை பெரும்பாலும் 300 முதல் 400 வரை. வினாவின் மதிப்பெண்ணோ அணுக்களின் எண்ணிக்கை கூடக் கூட உயரும் இயல்புடையது. ஆக, நான் அளந்தது பிணையும் திறனை அல்ல, எடையை. எடை, மின்சுமை, ஹைட்ரஜன் பிணைப்புத் தொகுதிகள் ஆகியவற்றில் உண்மையானவற்றை ஒத்த பொய்ச் சேர்மங்களைத் தேர்ந்து மீண்டும் ஓட்டியதும் பரப்பு 0.6இன் அருகே இறங்கிவிட்டது. நாணயம் சுண்டினால் 0.5. இந்த ஒரு சோதனை மொத்தப் பதிவிலும் மிக மதிப்புள்ளது என்று கருதுகிறேன், ஏனெனில் 0.9 என்ற எண்ணை நம்பி ஒரு சேர்மத் தொகுப்பு முழுவதையும் சலித்து எடுத்து, அதில் தேறியவற்றை விலை கொடுத்து வாங்கிச் சோதித்திருந்தால், மாதங்களும் பணமும் வீணாகியிருக்கும்.

எனவே டாக்கிங்கைச் சாத்தியமான நிலைகளைத் தருவதற்கு மட்டும் வைத்துக்கொண்டு, தரம் பிரிக்கும் வேலையை இயக்கப் பாவனையிடம் ஒப்படைத்தேன். புரதத்திற்கு ஆம்பர் எஃப்எஃப்14எஸ்பி விசைப்புலம் (அணுக்களிடையேயான விசைகளைக் கணக்கிடும் சூத்திரத் தொகுப்பு), லிகண்டிற்கு காஃப்2 விசைப்புலம், லிகண்டின் மின்சுமைகளுக்கு ஏஎம்1-பிசிசி முறை. நட்லின்-3ஏயில் ஹைட்ரஜன்கள் உட்பட 70 அணுக்கள் இருப்பதால் மின்சுமைக் கணக்கு முடிய நேரம் பிடித்தது. அதைப் பொறுத்துக்கொள்ளலாம், ஒரு மூலக்கூறுக்கு ஒரு முறைதான். டோடெகஹெட்ரான் பெட்டியில், புரதத்துக்கும் சுவருக்கும் இடையே 1.2 நானோமீட்டர் இடைவெளி விட்டு, டிப்3பி என்ற மாதிரியிலான நீர் நிரப்பி, சோடியம் குளோரைடை 0.15 மோலாருக்குச் சேர்த்தேன். மொத்தம் ஏறத்தாழ 20,000 அணுக்கள். படிநேரம் 2 ஃபெம்டோநொடி, வெப்பநிலை 300 கெல்வின். முதலில் ஆற்றலைக் குறைத்து, பிறகு கன அளவு மாறாத நிலையிலும் அழுத்தம் மாறாத நிலையிலும் அணுக்களைக் கட்டி வைத்துச் சமநிலைப்படுத்தி, பின்னரே அவிழ்த்துவிட்டேன். இந்த அட்டையில் நாளொன்றுக்கு 250 நானோநொடிக்கு மேல் ஓடியது.

இங்கே ஒரு விசித்திரம் கண்ணில் பட்டது. எம்டிஎம்2இன் முனையில் 25ஆம் எச்சத்துக்கு முந்தைய பகுதியைப் படிகத்தில் தெளிவாகக் காண முடிவதில்லை. அது பள்ளத்தின்மேல் மூடிபோல் அசையும் பகுதி. 1ஒய்சிஆரிலும் 25 முதல் 109 வரைதான் இருக்கிறது. கோப்பில் உள்ளதை அப்படியே க்ரோமாக்ஸுக்குக் கொடுத்ததால், அந்த வெட்டுண்ட முனைக்கு அது நேர்மின்சுமை கொண்ட அமைனை வைத்துவிட்டது. உண்மையான புரதத்தில் அந்த இடத்தில் மின்சுமையே கிடையாது, சங்கிலி தொடர்கிறது. பாவனை ஓட ஓட அந்த மின்சுமை முனை வளைந்து வந்து, நட்லினின் கார்பனைல் ஆக்சிஜனைப் பற்றிக்கொண்டது. அதனால் 3ஏ, 3பி இரண்டுமே பள்ளத்தில் அசையாமல் நின்றன. முனைகளை அசிட்டைல், மெத்தில்அமைடு தொகுதிகளால் மூடியதும் அந்தப் பொய்யான பிடி மறைந்தது. பகுதிப் புரதத்தைக் கொண்டு பாவனை செய்யும் எவரும் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

சேமிப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். 10 பிகோநொடிக்கு ஒரு சட்டகம் என்று நீரோடு சேர்த்துச் சேமித்தால், 100 நானோநொடிக்கு ஏறத்தாழ ஒரு ஜிபி ஆகிறது. பல மூலக்கூறுகள், ஒவ்வொன்றுக்கும் பல ஓட்டங்கள் என்றால் வட்டு விரைவில் நிரம்பிவிடும். அமைப்புக் கோப்பில் புரதத்தையும் லிகண்டையும் மட்டும் எழுதச் சொன்னால் இது பத்தில் ஒரு பங்குக்கும் கீழே போகிறது. மின்தடைக்கு க்ரோமாக்ஸ் நன்றாகவே ஈடுகொடுக்கிறது. 15 நிமிடத்துக்கு ஒருமுறை செக்பாயின்ட் எழுதுவது அதன் இயல்பு, விட்ட இடத்திலிருந்து தொடரலாம். அப்படியும் யூபிஎஸ் அவசியம், ஏனெனில் கோப்பு எழுதப்படும் நொடியில் மின்சாரம் போனால் வட்டே பழுதடையக்கூடும். கோடையில் அட்டையின் வெப்பம் 80 பாகைக்கு மேல் போனபோது, என்விடியாவின் கட்டளையால் அதன் மின்நுகர்வு வரம்பை 170 வாட்டிலிருந்து 130க்குக் குறைத்தேன். வேகம் சிறிதளவே குறைந்தது, வெப்பமும் மின்கட்டணமும் நன்றாகவே குறைந்தன.

ஒவ்வொரு மூலக்கூறையும் ஒரே நீண்ட ஓட்டமாக விடாமல், வேறு வேறு தொடக்க வேகங்களோடு பல குறுகிய ஓட்டங்களாக விட்டேன். வேறுபாடு அங்கேதான் வெளிப்பட்டது. நட்லின்-3ஏ எல்லா ஓட்டங்களிலும் மூன்று குழிகளிலும் நிலைத்து நின்றது. ஹிஸ்டிடின் 96இன் வளையமும் குளோரோஃபீனைல் வளையமும் ஒன்றையொன்று நோக்கியபடியே இருந்தன. 3பியில் டிரிப்டோஃபான் குழியின் வளையம் பெரும்பாலும் பிடியை விடவில்லை, ஆனால் லூசின் குழியின் வளையம் பல ஓட்டங்களில் வெளியேறி, மூலக்கூறு ஒரு காலில் நிற்பதுபோல் ஆனது. எம்எம்ஜிபிஎஸ்ஏ முறையில் பிணைப்பு ஆற்றலைச் சட்டகங்களின் சராசரியாகக் கணக்கிட்டபோதும் 3ஏ தெளிவாக முன்னால் இருந்தது. அந்த எண்களின் முழு மதிப்பை யாரும் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. என்ட்ரோபியைச் சேர்க்காததால் அவை −40ஐத் தாண்டிப் போகின்றன; 90 நானோமோலாருக்குரிய உண்மை ஆற்றலோ −10ஐக்கூட எட்டாது. ஒரே அமைப்பில், ஒரே முறையில் கணக்கிட்ட இரண்டு மூலக்கூறுகளின் வரிசையை மட்டுமே அவற்றிலிருந்து பெறலாம். ஒற்றை ஓட்டத்தை மட்டும் நம்பியிருந்தால் வரிசை தலைகீழாகவும் வந்திருக்கும். அப்படி ஓர் ஓட்டம் என் தொகுப்பிலேயே இருக்கிறது.

இதே முறையைப் பி53 பெப்டைடின்மீதும் ஓட்டிப் பார்த்தேன். 17 முதல் 29 வரையிலான எச்சங்களின் பங்கைத் தனித்தனியாகப் பிரித்தபோது, முதல் மூன்று இடங்களும் 19, 23, 26க்கே கிடைத்தன. டிரிப்டோஃபான் 23இன் இண்டோல் ஹைட்ரஜன் லூசின் 54இன் முதுகெலும்பு ஆக்சிஜனோடு கொண்ட பிணைப்பு ஏறக்குறைய எல்லாச் சட்டகங்களிலும் நிலைத்தது. படிகம் சொன்னதையே பாவனையும் சொல்வதைக் காணும்போது மனத்துக்கு உறுதி வருகிறது. புரதக் கட்டமைப்பைக் கணிக்கும் செயற்கை நுண்ணறிவு மாதிரியான ஆல்ஃபாஃபோல்டிடம், கொலாப்ஃபோல்டு வழியாக இரண்டின் அமினோ அமிலத் தொடர்களையும் கொடுத்தபோது, அதுவும் சுருளைச் சரியான பள்ளத்தில், மூன்று எச்சங்களும் உள்நோக்கியபடி வைத்தது. ஆனால் 1996 முதல் தரவு வங்கியில் இருக்கும் கட்டமைப்பை அந்த மாதிரி பயிற்சியிலேயே கண்டிருக்கும் என்பதால், இதைச் சோதனையாகக் கொள்ளவில்லை. யாரும் தீர்க்காத ஒரு புரத இணைக்கு அது தரும் கட்டமைப்பை எடுத்துக்கொள்ளும்போது, இடைமுகத்துக்கு அது தரும் நம்பிக்கை மதிப்பைப் பார்ப்பதோடு, பக்கச்சங்கிலிகளைப் பாவனையில் ஓடவிட்டே டாக்கிங்கிற்குக் கொண்டுபோக வேண்டும் என்பது மாற்று டாக்கிங்கில் கிடைத்த அனுபவத்திலிருந்து தெரிகிறது.

அடுத்த முறை வரிசையைத் தலைகீழாக்குவேன். புதிய சேர்மம் எதையும் தொடுவதற்கு முன், பிணையும் ஒரு மூலக்கூறு, அதன் பிணையாத ஆடிப்பிம்பம், எடை ஒத்த பொய்ச் சேர்மங்கள் ஆகிய மூன்றையும் முதல் நாளிலேயே தயாரித்து, ஸ்மைல்ஸ் கோப்புகளில் கைரல் குறி விடுபட்டிருந்தால் ஓட்டத்தை நிறுத்திவிடும் ஒரு சிறு பைத்தான் நிரலையும் முன்னால் வைப்பேன். எம்எம்ஜிபிஎஸ்ஏக்குப் பதிலாக, மூலக்கூறைப் படிப்படியாக மறையச் செய்து கணக்கிடும் முழுப் பிணைப்பு ஆற்றல் முறையை முயல வேண்டும். ஒரு மூலக்கூறுக்கே பல நாள் அட்டை நேரம் கேட்கும் என்றாலும், ஆடிப்பிம்பங்களின் 3 கிலோகலோரி வேறுபாட்டை எண்ணாகவே எதிர்பார்க்கத்தக்க முறை அதுதான்.

அடுத்த இலக்கு எம்டிஎம்எக்ஸ். எம்டிஎம்2இன் நெருங்கிய உறவான இதுவும் பி53ஐ அதே மூன்று எச்சங்கள் வழியாகப் பற்றுகிறது. ஆனால் லூசின் 54 இருக்கும் இடத்தில் இதில் மெத்தியோனின் இருப்பதால் பள்ளத்தின் வடிவம் மாறி, நட்லின்-3ஏ மிகவும் பலவீனமாகவே பிணைகிறது. என் செய்முறை இதையும் விடையைப் பார்க்காமல் சொல்லுமா என்பதே கேள்வி. கட்டமைப்பின் முனைகளை மூடி, ஹிஸ்டிடின்களைச் சரிபார்த்து, பெட்டியில் நீர் நிரப்பி முடித்திருக்கிறேன். சமநிலைப்படுத்தும் ஓட்டம் இப்போது 130 வாட் வரம்பில் ஓடிக்கொண்டிருக்கிறது.